"எங்க வீட்ல மட்டும் ஏன் டாக்டர்?"

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு தாய் மாமியாருடன் வந்திருந்தார். முந்தானைக்குள் இரண்டு வயதுப் பையன். விலக்கிப் பார்த்ததும் புரிந்துவிட்டது. பால் வெள்ளை உடம்பு, வெளிர்மஞ்சள் முடி, நிலைகொள்ளாமல் ஆடும் கண்மணிகள். "கிரகணத்தன்னிக்கு வாசலுக்குப் போனேனாம், அதனாலதான்னு சொல்றாங்க. எங்க வீட்ல மட்டும் ஏன் டாக்டர்?" என்று அழுதார்.

இதற்குப் பெயர் அல்பினிசம். தோலுக்கும் முடிக்கும் கண்ணுக்கும் நிறம் தரும் மெலனின், பிறவியிலேயே உடம்பில் சரிவர உற்பத்தியாவதில்லை. கிரகணமும் காரணமில்லை, குங்குமப்பூவும் காரணமில்லை. தொற்றவும் தொற்றாது. பெரும்பாலும் தாய், தகப்பன் இருவருமே வெளியே தெரியாமல் ஆளுக்கொரு குறையுள்ள மரபணுவைச் சுமப்பார்கள். இரண்டும் பிள்ளையிடம் சேர்ந்தால் இப்படி ஆகும். அத்தகைய தம்பதிக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் இதற்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்தில் கல்யாணம் முடித்தால் இப்படிச் சேர்வது அதிகம். மருமகள் மேல் மட்டும் பழி போடுவது என்ன நியாயம்?

எண்ணெய் வேண்டாம்!

"வெண்புள்ளிக்குத் தர்ற எண்ணெய் குடுங்களேன்" என்றார் மாமியார். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், இதைக் குணமாக்கும் மருந்து எங்களிடமும் இல்லை, அலோபதியிலும் இல்லை. வெண்புள்ளி வேறு, இது வேறு. வெண்புள்ளி மருந்தில் சேரும் கார்போகரிசி, வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கக்கூடியது. இந்தக் குழந்தைக்குத் தடவினால் தோல் வெந்துவிடும்.

வேண்டியது முழுக்கைச் சட்டை, தொப்பி, குடை, சன்ஸ்கிரீன். ஆறாத புண் இருந்தால் உடனே தோல் டாக்டரிடம் காட்டுங்கள், புற்றுநோயாக இருக்கலாம். விழித்திரையின் நடுப்பகுதி முழுதாக வளராததால், கண்ணாடி போட்டாலும் பார்வை முழுசாகத் தெளியாது. பள்ளியில் முதல் பெஞ்சும் பெரிய எழுத்துப் புத்தகமும் கேளுங்கள். அறிவில் இந்தக் குழந்தைகள் யாருக்கும் குறைந்தவர்களில்லை.

படித்துறையில் ஒரு சாயங்காலம்

திருச்சி டவுனில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று உண்டு. அவர்கள் மகளுக்கும் இதே குறைதான், கல்லூரியில் படிக்கிறாள். சம்மதம் கேட்டு இரு குடும்பத்தையும் அம்மா மண்டபம் படித்துறையில், வெயில் தாழ்ந்தபின் சந்திக்க வைத்தேன். தொப்பி தைப்பது, வாத்தியாரிடம் எப்படிப் பேசுவது, கல்யாண வீட்டில் வெறித்துப் பார்ப்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று இரண்டு அம்மாக்களும் பேசித் தீரவில்லை. மாமியார் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப்பின் அந்த வீட்டில் கிரகணப் பேச்சே இல்லை!

நீங்களும் கண் டாக்டரிடம், "எங்களைப் போல வேற குடும்பம் இருக்கா?" என்று கேளுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் குறைபார்வையும் அடக்கம். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் கிடைத்தால், தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு. அமெரிக்காவில் 1982-லேயே இதற்கென ஒரு தேசிய அமைப்பு உருவானது. 2015 முதல் ஜூன் 13-ஐ ஐ.நா. சபை அல்பினிச விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கிறது. நம் ஊரில் இரண்டு குடும்பம் சேர்ந்தாலே நல்ல தொடக்கம்தான்.

பிள்ளையை வெயிலிலிருந்து மறையுங்கள், ஊராரிடமிருந்து மறைக்காதீர்கள். பொழுது சாய்ந்ததும் தெருவில் மற்றப் பிள்ளைகளோடு விளையாட விடுங்கள்.