மண் அகழும் ஊர் – 11: கழற்றி மாட்டினாலும் பிடி விடாத நட்டு

சென்ற வாரம் கன்வேயர் ரோலர்கள் தேயும் விதத்தைப் பார்த்தோம். இந்த வாரம் அந்த ரோலர்களையும், அவற்றைத் தாங்கும் சட்டங்களையும், மண்ணை வெட்டும் வாளிகளையும் பிடித்து நிறுத்தும் நட்டைப் பற்றி. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு நெய்வேலிச் சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில்தான். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் நிலக்கரிக்கு மேலே கிடந்த மண்ணை அகற்றுவதிலேயே போயின. அந்த மண் இன்றும் எளிதில் வழிவிடுவதில்லை. கடலூர் மணற்பாறை என்று புவியியலாளர்கள் சொல்லும் அந்த அடுக்கு பல இடங்களில் வெடிவைத்துத் தளர்த்தியாக வேண்டிய அளவு கெட்டி. அரம் போல உராயும் தன்மையும் அதற்கு உண்டு. அதை வெட்டும் சக்கர வாளி இயந்திரத்தில் பற்கள் தேயும், வாளிகள் தேயும், அவற்றைக் கழற்றி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே இங்கே நட்டு போல்ட்டிடம் நாம் இரண்டு காரியங்களைக் கேட்கிறோம். ஓடும்போது தானாகக் கழலக் கூடாது. நிறுத்தியபின் ஸ்பானர் வைத்தால் மரை கெடாமல் கழன்று, மறுபடி ஏறிப் பழையபடி பிடிக்க வேண்டும். முதல் கேள்விக்கு விடையாகப் பல வகைப் பூட்டு நட்டுகள் சந்தையில் இருக்கின்றன. இரண்டாவதைச் சிக்கன விஷயமாகவே பலரும் பார்க்கிறார்கள். அது பாதுகாப்பு விஷயம் என்பதும், மறுபடி பயன்படுத்தத் தக்கது என்று ஒரு நட்டைச் சொன்னால் அதில் இன்னும் எவ்வளவு பிடி மிச்சம் என்பதை அளந்து பார்க்க வழி இருக்க வேண்டும் என்பதும்தான் என் வாதம்.

முதலில், நட்டு ஏன் கழல்கிறது? கணக்குப்படி பார்த்தால் அது கழலவே கூடாது. 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள சாதாரண எம்20 போல்ட்டில் மரை ஒரு சுற்றுக்கு 2.5 மில்லிமீட்டர்தான் ஏறுகிறது. சரிவாகச் சொன்னால் சுமார் இரண்டரை டிகிரி. இரும்பும் இரும்பும் உராயும் மரைப்பரப்பில் வழுக்கத் தொடங்க எட்டு முதல் பத்து டிகிரிச் சரிவாவது வேண்டும். 8.8 தர எம்20 போல்ட்டைச் சரியாக இறுக்கினால் அது ஏறத்தாழ 11 டன் இழுவிசையோடு இரண்டு தகடுகளையும் பிடித்துக்கொள்ளும். அத்தனை விசை அழுத்தும்போது இரண்டரை டிகிரிச் சரிவில் நட்டு எப்படி இறங்கும்? பொறியாளர்கள் பல காலம் அதிர்வின்மேல் பொதுவாகப் பழி போட்டு, சுருள் வாஷரை மருந்தாகக் கொடுத்து வந்தார்கள்.

1969-இல் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் இதற்குத் தெளிவான விடை தந்தார். போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வு பெரிய ஆபத்தல்ல, பிடிக்கப்பட்ட தகடுகள் போல்ட்டுக்குக் குறுக்காக நகர்வதே ஆபத்து என்று அவர் சோதனையில் காட்டினார். விரலில் இறுகிப்போன மோதிரத்தை நேராக இழுத்தால் வராது. இப்படியும் அப்படியும் திருகிக்கொண்டே இழுத்தால் வழுக்கி வந்துவிடும். உராய்வு ஒரு திசையில் வழுக்குவதிலேயே செலவாகிவிட்டால் மற்றத் திசையில் தடுக்க அதனிடம் மிச்சம் இல்லை. தகடு குறுக்காக ஒரு முடி அளவு நகர்ந்தால் மரைப்பரப்பும் வழுக்குகிறது. அந்த நொடியில் நட்டு உராய்வே இல்லாததுபோல் அந்த இரண்டரை டிகிரிச் சரிவில் ஓர் இம்மி இறங்குகிறது. அவர் அமைத்த சோதனை எந்திரத்தில் சாதாரண நட்டு சில நூறு அசைவுகளிலேயே பிடியை இழந்துவிடும். வாளிச் சக்கரத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 50 வாளிகள் மண்முகத்தில் மோதுகின்றன என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால், எட்டு மணி நேர ஷிப்டில் 24,000 மோதல்கள். ஒவ்வொன்றிலும் தகடு நகர்ந்துவிடாது. நகர ஆரம்பித்துவிட்டால் ஒரு ஷிப்டே தேவைக்கு அதிகம்.

இந்த விளக்கம் வந்தபின் பழைய மருந்துகள் பலவற்றின் நிலை தெரிந்துவிட்டது. சுருள் வாஷர், போல்ட்டின் முழு இழுவிசையில் ஒரு சிறு பங்கிலேயே தட்டையாகிவிடுகிறது. அதற்குப்பின் அது வெறும் வாஷர்தான். இன்றைக்கும் ஒவ்வொரு பட்டறையிலும் அது கிடப்பதற்குப் பழக்கத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. நைலான் வளையம் பதித்த நைலாக் நட்டு மேலானது. வளையம் மரையைக் கவ்வுவதால் நட்டு முழுவதும் கழன்று விழாது. ஆனால் எம்20 போல்ட்டை இறுக்க 400 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்குவிசை வேண்டும். நைலான் தரும் தடை அதில் மிகச் சிறிய பங்கு. குறுக்கசைவு கடுமையாக இருந்தால் 11 டன் பிடி கணிசமாகக் குறைந்த பிறகும் நட்டு தன் இடத்திலேயே நிற்கும். தூரத்திலிருந்து பார்ப்பவர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றே நினைப்பார். நட்டு விழாமல் காப்பது ஒன்று, பிடி குறையாமல் காப்பது வேறொன்று. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் இந்தத் துறையின் பெரிய தவறு.

பிடி போனால் என்ன ஆகும் என்பதற்கு ரயில்வே உலகில் இரண்டு துயரச் சான்றுகள் உண்டு. 2002 மே 10 அன்று இங்கிலாந்தின் பாட்டர்ஸ் பார் நிலையத்தருகே ரயில் தடம் புரண்டு ஏழு பேர் இறந்தார்கள். தண்டவாளம் பிரியும் பாயின்ட் பகுதியைப் பிணைத்திருந்த கம்பிகளின் நட்டுகள் கழன்றிருந்தன. 2007 பிப்ரவரி 23-இல் கிரேரிக் அருகே மறுபடியும் பாயின்ட், மறுபடியும் தளர்ந்த போல்ட் இணைப்பு, ஓர் உயிர்ப்பலி. அங்கே ஐந்து நாளுக்கு முன் நடந்திருக்க வேண்டிய பார்வைச் சோதனை நடக்கவில்லை. சோதனை தவறியது பெரிய குற்றம்தான். ஆனால் மனிதக் கண் ஒரு முறை தவறினால் உயிர் போகும்படி ஓர் இணைப்பு இருக்குமானால், அதை வடிவமைத்தவரும் பதில் சொல்ல வேண்டும்.

இனி மறுபயன்பாட்டுக்கு வருவோம். "நட்டு என்ன விலை? கழற்றும்போதெல்லாம் புதுசு போட்டால் போச்சு" என்பது இதற்கு எதிராக முதலில் வரும் வாதம். காகிதத்தில் இது சரி. ஆனால் சுரங்கம் மூன்று ஷிப்டும் ஓடும் இடம். இரவு இரண்டு மணிக்கு மழையில் ஒரு வாளியை மாற்றும் குழுவின் கையில் அந்த அளவுப் புது நட்டு இல்லையென்றால், கழற்றிய பழைய நட்டுதான் திரும்ப ஏறும். இயந்திரம் நின்றால் அதன் பின்னாலுள்ள இரண்டு மீட்டருக்கும் மேல் அகலமான பெல்ட்டும், கடைசியில் மண்ணைக் கொட்டும் இயந்திரமும் சேர்ந்து நிற்கும் என்பது அந்தக் குழுவுக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு முறைக்கு மட்டும் என்று வடிவமைத்த பொருள், நெருக்கடியில் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் பயன்படும். அப்போது அதற்கு உள்ள தகுதி என்ன என்று யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். நைலான் தேய்ந்த நட்டும் புது நட்டும் எண்ணெய் அழுக்கில் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே மறுபயன்பாடு நடக்கும் என்று ஒப்புக்கொண்டு வடிவமைப்பதே நேர்மை.

அப்படி வடிவமைக்க ஒரு நல்ல தொடக்கம், விரல் நட்டு என்று நாம் அழைக்கக்கூடிய முழு உலோக நட்டு. நட்டின் மேல்பகுதியில் நெடுக்காக வெட்டுகள் போட்டு, கிடைக்கும் உலோக விரல்களைச் சற்று உள்நோக்கி வளைத்திருப்பார்கள். போல்ட் ஏறும்போது விரல்கள் வெளியே தள்ளப்பட்டு, வில்லாக மாறி மரையை அழுத்துகின்றன. நைலானைப் போல வெப்பத்தில் இளகும் பயம் இதில் இல்லை. விரல் வளையும்போது அதற்குள் எழும் தகைவு உலோகத்தின் மீள்தன்மை எல்லைக்குள் நின்றால், கழற்றியதும் விரல் பழைய இடத்துக்கே திரும்பும்; எல்லை தாண்டினால் விரிந்தபடியே நின்றுவிடும், அடுத்த முறை பிடி இருக்காது. இங்கே ஒரு சின்னக் கணக்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதே அளவு வளைவுக்கு விரலின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் தகைவு நான்கில் ஒன்றாகும்; ஆனால் அழுத்தும் விசை எட்டில் ஒன்றாகிவிடும். அந்த நட்டு நெடுநாள் உழைக்கும், எதையும் பிடிக்காது. நீளத்தோடு விரலின் தடிமனையும் இரண்டு மடங்காக்கினால் விசை பழைய அளவுக்கே வந்துவிடுகிறது, தகைவோ பாதிதான். அதே பிடி, பாதி உளைச்சல். விலை என்னவென்றால் நட்டு உயரமாகவும் கனமாகவும் ஆகும். எடை பார்க்கும் விமானத்துக்கு அது பெரிய இழப்பு. ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள மண் வெட்டும் இயந்திரத்துக்கு அது ஒரு பொருட்டே அல்ல. விமானத்துக்காகச் சுருக்கி வடிவமைத்த நட்டைச் சுரங்கத்துக்கும் வாங்குவது அதனால்தான் பொருந்தாத காரியம்.

உராய்வையே நம்பாத வழிகளும் உண்டு. சரிவுப் பற்களுள்ள இரட்டை வாஷர்களில் பல்லின் சரிவு மரையின் சரிவைவிட அதிகம். நட்டு பின்னோக்கித் திரும்ப முயன்றால் வாஷர் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இழுவிசை கூடுகிறது. கழல்வதற்கான முயற்சியே இறுக்கமாக மாறுகிறது. 1974-இல் ஒசாகாவில் கட்சுஹிகோ வகாபயாஷி தொடங்கிய நிறுவனத்தின் ஹார்ட் லாக் நட்டில் இரண்டு நட்டுகள். ஒன்றின் மையம் விலகிய முனை மற்றதன் குழியில் ஆப்பாக இறங்குகிறது. ஜப்பானின் ஷின்கான்சென் ரயில்களில் அது பயன்படுகிறது. நம் பட்டறைகளின் செக் நட்டும் இந்தக் குடும்பம்தான், ஆனால் பெரும்பாலான இடங்களில் அதைத் தலைகீழாகப் போடுகிறார்கள். மெல்லிய நட்டு கீழே, தகட்டை ஒட்டி இருக்க வேண்டும். முழு நட்டு மேலே வந்து, கீழ் நட்டை ஸ்பானரால் அசையாமல் பிடித்துக்கொண்டு முழு விசையில் இறுக்கப்பட வேண்டும். கடைசியில் சுமையைத் தாங்குவது மேல் நட்டு என்பதால்தான் இந்த வரிசை. இவையெல்லாம் பலமுறை கழற்றி மாட்டத் தக்கவை. ஆனால் பல் வாஷர் தன்னைவிட மென்மையான பரப்பில்தான் பதியும். ஆப்பு நட்டுக்கு இரண்டு ஸ்பானரும் சரியான வரிசையும் வேண்டும். எங்கும் பொருந்தும் ஒரே நட்டு என்று எதுவும் இல்லை.

யுங்கரையே மேற்கோள் காட்டி எதிர்வாதம் செய்பவர்களும் இருக்கிறார்கள். தகடு நகராத அளவுக்கு இறுக்கிவிட்டால் பூட்டே தேவையில்லையே என்பார்கள். உண்மை. நீளமான போல்ட், போதிய இழுவிசை, சுத்தமான பரப்பு மூன்றும் இருந்தால் சாதாரண நட்டே போதும். எந்தப் பூட்டு நட்டும் சரியான இறுக்கத்துக்கு மாற்றாகாது. ஆனால் தேய்ந்த வாளியின் பொருத்துமுகம் புதிதைப்போல் சமமாக இருக்காது. நடுவே பெயின்டும் மண்ணும் சிக்கும். ஓடஓட அவை அமுங்கி, இழுவிசை குறையும். டார்க் ரெஞ்சில் செலுத்தும் முறுக்குவிசையில் பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போய்விடுவதால், மரையில் எண்ணெய் கூடினாலும் குறைந்தாலும் கிடைக்கும் இழுவிசை மாறும். பூட்டு என்பது அந்தக் குறை நேர்ந்தபின் அடுத்த சோதனை வரை தாங்கும் இரண்டாம் காவல். இன்னொரு தரப்பு மரைப்பசையையும் டாக் வெல்டிங்கையும் சொல்லும். மரைப்பசை நல்ல பூட்டு. எண்ணெய் இல்லாத மரையும் உலர நேரமும் இருந்தால். அந்த இரண்டும் சுரங்க முகத்தில் அரிது. வெல்டிங் வைத்தால் உயர்தர போல்ட்டின் பதம் கெடும். கழற்றும் நாளில் காஸ் கட்டர் வேண்டும். கழற்றிப் பூட்ட முடிவதற்காகத்தானே மரையைத் தேர்ந்தெடுத்தோம்?

மிச்சப் பிடியை அளப்பது எப்படி என்பதற்கு விமானத்துறை ஒரு வழி வைத்திருக்கிறது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் வழிகாட்டி, பழைய பூட்டு நட்டை முழுவதும் தடை செய்வதில்லை. நட்டின் வெளியே குறைந்தது இரண்டு மரை தெரியும் வரை ஏற்றி, அடிப்பாகம் தகட்டைத் தொடும் முன்பே அதைத் திருப்ப எவ்வளவு முறுக்குவிசை தேவைப்படுகிறது என்று பார்க்கச் சொல்கிறது. ஒவ்வொரு அளவு நட்டுக்கும் குறைந்தபட்ச எண் அட்டவணையில் உண்டு. அதற்குக் கீழே போனால் அந்த நட்டு குப்பைக்கு. சிறிய டார்க் ரெஞ்ச், அரை நிமிடம், அவ்வளவுதான். தன் தடையை நட்டே சொல்லிவிடுகிறது. எத்தனை முறை கழற்றினோம் என்ற பதிவேட்டை நம்பவேண்டியதில்லை. இதைச் சுரங்கத்தில் செய்ய நேரம் இருக்காது என்பார்கள். எல்லா நட்டுக்கும் வேண்டாம். வாளிச் சக்கரம், சுழல்தளம், தொங்கு கைகள் என்று உயிரோடு தொடர்புள்ள இணைப்புகளுக்குப் போதும்.

ஆனால் அந்த அட்டவணையை அப்படியே எடுத்துவர முடியாது. பூட்டு நட்டுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 2320 தரநிர்ணயம் முதல் கழற்றலிலும் ஐந்தாம் கழற்றலிலும் தடையை அளக்கிறது; அமெரிக்க ராணுவ விமானத் தரம் 15 முறை கேட்கிறது. இரண்டும் சுத்தமான மரையில், ஆய்வகத்தில். கடலூர் மணற்பாறையின் தூள் மரையில் ஏறினால் ஒவ்வொரு சுற்றும் தேய்ப்புத் தாள் போட்டுத் தேய்த்ததற்குச் சமம். ஐப்பசி மழையில் அதே தூள் சேறாகி உள்ளே உறையும். ஐந்து என்பது அங்கே இரண்டாகலாம். அதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும், சோதிக்கக் கடினமும் இல்லை: நெய்வேலி மண்ணையும் தண்ணீரையும் மரையில் பூசி, இறுக்கி, குறுக்கசைவு எந்திரத்தில் ஆட்டி, கழற்றி, தடையை அளந்து, மறுபடி பூசி இறுக்க வேண்டும். பழுப்பு நிலக்கரி நிறுவனத்துக்கு நெய்வேலியிலேயே பயன்பாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 1966-இல் சென்னை பாடியில் உற்பத்தியைத் தொடங்கிய சுந்தரம் பாஸ்னர்ஸ் உட்பட நட்டு போல்ட்டைத் தெரிந்த நிறுவனங்கள் தமிழ்நாட்டில் உண்டு. நீண்ட தடித்த விரலும், மணல் ஒதுங்க அடியில் ஒரு பள்ளமும் கொண்ட, தடை எண் தலையிலேயே பொறிக்கப்பட்ட உயரமான சுரங்க நட்டு ஒன்றை இவர்கள் சேர்ந்து செய்து, மணல் பூசிய மரையில் அது எத்தனை முறை தாங்குகிறது என்ற எண்ணை வெளியிட வேண்டும்.

அடுத்த இதழில்: நிலக்கரிக்கு அடியிலிருந்து மேல்நோக்கி அழுத்தும் ஊற்று நீரும், அதை இறைக்கும் பம்புகளும்.