கெப் வாகனத்துக்கு டியூன்: ஆயத்தமா, அளவெடுத்ததா?



"வாகனச் சங்கதி ஆண்களின் விடயம், அதில் எமக்கென்ன?" என்று இப்பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மீன் பெட்டியையும் மரக்கறி மூட்டையையும் கடைச் சாமான்களையும் சுமந்து வந்து உங்கள் அடுப்பை எரிய வைப்பது முற்றத்தில் நிற்கும் அந்த டபள் கெப்தான். அதற்கான லீசிங் தவணை வீட்டுச் செலவிலிருந்துதான் போகிறது. அது ஒரு மாதம் கராஜில் கிடந்தால் முதலில் இறுகுவது உங்கள் கைதான். 2020 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதிக்கு 2025 இல் மீண்டும் வழி திறந்தபோதும், வரிகளையும் சேர்த்துப் பார்த்தால் புதிய கெப் என்பது பல குடும்பங்களுக்கு எட்டாத உயரம். இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வதே புத்தி.

இந்நிலையில் ஒரு நாள் உங்கள் கணவரோ மகனோ வந்து, "எஞ்சினை டியூன் பண்ணப் போகிறேன். இழுவையும் கூடும், டீசலும் மிச்சமாகும்" என்கிறார். வீட்டில் மஷூரா நடக்கிறது. அப்போது நீங்கள் என்ன சொல்வீர்கள்? அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

டியூன் என்றால் என்ன?

அக்காலத்து டீசல் எஞ்சினில் பம்பை ஸ்பேனரால் திருகி எண்ணெயைக் கூட்டுவார்கள். இக்காலத்து கெப்களில் அந்த வேலையைச் செய்வது ஒரு சிறிய கணினி. எவ்வளவு டீசல், எந்தக் கணத்தில், என்ன அழுத்தத்தில் பீச்ச வேண்டும், டர்போ எவ்வளவு காற்றைத் தள்ள வேண்டும் என்பவையெல்லாம் அதனுள்ளே அட்டவணைகளாக எழுதப்பட்டிருக்கின்றன. அந்த எண்களை மாற்றி எழுதுவதே டியூன்.

தயாரிப்பாளர் அந்த எண்களை எஞ்சின் தாங்கக்கூடிய எல்லையிலிருந்து சற்றுக் கீழே வைத்திருப்பார். ஏன்? ஒரே வாகனம் பாலைவன வெயிலிலும் பனியிலும் ஓட வேண்டும். தரம் குறைந்த டீசலையும் குடிக்க வேண்டும். சேர்விஸ் தவறினாலும் தாக்குப்பிடிக்க வேண்டும். டியூன் செய்பவர் எடுத்துச் செலவழிப்பது இந்தச் சேமிப்பைத்தான். அவர் புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை என்பதை மனதில் வையுங்கள்.

ஆயத்த டியூன்

அமெரிக்காவில் பிக்கப் ட்ரக் வைத்திருப்போர் மத்தியில் பெரிதும் பழக்கமானது கைக்கடக்கமான ஒரு கருவி. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சொக்கட்டில் அதைச் செருகினால், முதலில் வாகனத்தின் அசல் பதிவைப் படித்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். பிறகு தன்னுள் ஏற்கெனவே பதியப்பட்டிருக்கும் டியூன்களில் ஒன்றை ஏற்றிவிடும். எரிபொருள் சிக்கனத்துக்கு ஒன்று, பாரம் இழுப்பதற்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று என வைத்திருப்பார்கள்.

இது பெருநாளைக்குக் கடையில் வாங்கும் ஆயத்த அபாயா போன்றது. பலருக்கும் பொருந்தும்படி தைக்கப்பட்டது. விலை குறைவு, காத்திருக்கத் தேவையில்லை. எதையும் மாற்றாத சாதாரண வாகனத்தை மனதில் கொண்டே எழுதப்படுவதால் நல்ல நிறுவனங்கள் கொஞ்சம் இடைவெளி விட்டே எழுதும். பிடிக்காவிட்டால் வீட்டிலேயே அசல் பதிவைத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். இது பெரிய வசதி.

குறை என்னவெனில், அக்கருவிக்கு உங்கள் வாகனத்தின் வரலாறு தெரியாது. இன்ஜெக்டர் தேய்ந்திருக்கிறதா, பெரிய டயர் பூட்டியிருக்கிறதா, கிளச் இறுதி மூச்சில் இருக்கிறதா என்று அது கேட்பதில்லை. புதிதாய் வந்த கெப்புக்கும் மூன்று இலட்சம் கிலோமீட்டர் ஓடிய கெப்புக்கும் ஒரே எண்ணைத்தான் எழுதும்.

அளவெடுத்த டியூன்

இது தையற்காரியிடம் அளவு கொடுத்துத் தைப்பது. டியூன் செய்பவர் முதலில் உங்கள் வாகனத்தை ஓட்டி, டர்போ அழுத்தம், டீசல் அழுத்தம், வெப்பம் முதலியவற்றைக் கணினியில் பதிவு செய்கிறார். வசதியுள்ளவர் வாகனத்தை உருளைகள் மேல் நிறுத்தி வலுவை அளக்கிறார். பிறகு கோப்பை எழுதி ஏற்றி, மீண்டும் ஓட்டிப் பார்த்து, மீண்டும் திருத்துகிறார்.

நுவரெலியாவிலிருந்து மரக்கறி ஏற்றும் கெப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வூர் கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கும் மேலே உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி கரையோரத்தை விட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்றுக் குறையும் இடத்தில் டீசலை மட்டும் கூட்டினால் கரும்புகை வரும், எஞ்சின் உள்ளே கொதிக்கும், பிஸ்டனும் டர்போவும் பழுதாகும். கல்முனையில் சமதரையில் மீன் ஏற்றும் கெப்புக்கு இந்தக் கவலை இல்லை. இந்த வேறுபாட்டைக் கருத்தில் கொண்டு எழுத முடிவதே அளவெடுத்த டியூனின் சிறப்பு. டர்போவையோ இன்ஜெக்டரையோ மாற்றிய வாகனத்துக்கு இதைத் தவிர வேறு வழியுமில்லை.

ஆனால் இங்கே எல்லாமே அந்த ஒரு மனிதரின் அறிவிலும் நேர்மையிலும் தங்கியுள்ளன. மேலும், எங்கிருந்தோ விலைக்கு வாங்கிய பொதுக் கோப்பை அரை மணித்தியாலத்தில் ஏற்றிவிட்டு "உங்கள் வாகனத்துக்கென்றே எழுதினேன்" என்று சொல்வோரும் உண்டு. அது ஆயத்த ஆடைக்குத் தையற்கூலி வாங்குவது போன்றது. அளவெடுக்காதவர் அளவெடுத்துத் தைத்ததாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

எண்ணை மாற்றினால் மட்டும் போதுமா?

டொயோட்டா ஹைலக்ஸின் 2.8 லீட்டர் எஞ்சின் முன்னர் 177 குதிரை வலு கொண்டிருந்தது. 2020 இல் அந்நிறுவனமே அதை 204 ஆக உயர்த்தியது. கணினியின் எண்களை மட்டும் மாற்றி அது அவ்வாறு செய்யவில்லை. டர்போ உள்ளிட்ட பாகங்களையும் மாற்றியமைத்தது. எஞ்சினைப் படைத்தவர்களே பாகங்களை மாற்றித்தான் அந்த வலுவைக் கொடுத்தார்கள் என்றால், பழைய பாகங்களின் மீது அதைவிடக் கூட்டித் தருவதாகச் சொல்பவரிடம் கிளச்சும் கியர்பொக்ஸும் எப்படித் தாங்கும் என்று கேட்பது நியாயம்தானே?

பலவீனமா, நோயா?

"முன்னர் போல இழுக்கவில்லை" என்பதற்காக டியூன் செய்ய நினைத்தால் உடனே தடுத்துவிடுங்கள். முன்பு இருந்த வலு இப்போது இல்லையென்றால் அது நோய். எயார் ஃபில்டர் அடைத்திருக்கலாம், டர்போ குழாயில் காற்றுக் கசியலாம், இன்ஜெக்டர் பழுதாகியிருக்கலாம்.

பழைய ஹைலக்ஸ்களில் வந்த 3 லீட்டர் டி4டி எஞ்சினில் இன்ஜெக்டருக்கு அடியில் சிறிய செப்பு வளையம் இருக்கிறது. அது கசிந்தால் கரி எண்ணெயில் கலந்து, எண்ணெயை உறிஞ்சும் வலையை அடைக்கும். எண்ணெய் ஏறாமல் முழு எஞ்சினுமே போய்விடக்கூடும். இப்படிப்பட்ட வாகனத்தை டியூன் செய்வது காய்ச்சல்காரருக்கு மூட்டை தூக்கக் கொடுப்பதற்குச் சமம். முதலில் வைத்தியம், பிறகுதான் மற்றவை.

கொப்பி பேசட்டும்

டீசல் மிச்சமாகும் என்ற பேச்சை உங்கள் செலவுக் கொப்பியால் சோதித்துப் பாருங்கள். டாங்கியை நிரப்பிக் கிலோமீட்டரைக் குறியுங்கள். அடுத்த முறை நிரப்பும்போது எத்தனை லீட்டர் சென்றது என்று எழுதுங்கள். டியூனுக்கு முன் நான்கு தடவை, பின் நான்கு தடவை.

உதாரணமாக, மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடி, லீட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுக்கும் கெப்புக்கு 150 லீட்டர் செல்லும். செலவில் 5 வீதம் குறைந்தால் மிச்சம் ஏழரை லீட்டர். அதன் விலையால் டியூன் கூலியை வகுத்தால், போட்ட பணம் எத்தனை மாதத்தில் திரும்பும் என்று தெரியும். வலு கூடியதும் கால் அழுத்தமும் கூடினால் அந்த மிச்சமும் புகையாய்ப் போய்விடும்.

புகையும் அமானிதமும்

சில டியூன்கள் புகையைக் கட்டுப்படுத்தும் பாகங்களை அணைத்துவிடுகின்றன. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2020 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அதற்கு முந்திய பத்தாண்டுகளில் அந்நாட்டில் 550,000 க்கும் அதிகமான டீசல் பிக்கப்களில் இப்பாகங்கள் நீக்கப்பட்டிருந்தன. அங்கே அது சட்டவிரோதம். நம் நாட்டிலும் 2008 முதல் புகைப் பரிசோதனை நடைமுறைக்கு வந்தது. அதில் தேறாமல் வாகன வருமான அனுமதிப்பத்திரம் பெற முடியாது. சட்டம் ஒருபுறமிருக்க, நம் வாகனத்தின் கரும்புகையைச் சுவாசிப்பது அயலவரின் குழந்தை. அயலவருக்குத் தீங்கிழைத்து வரும் இலாபத்தில் பரக்கத் ஏது?

இன்னொன்று. லீசிங் முடியும்வரை பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக இருப்பது நிதி நிறுவனம்தான். எனவே வாகனம் உங்கள் கையில் ஓர் அமானிதம். ஒப்பந்தத்தையும் காப்புறுதி நிபந்தனைகளையும் வாசிக்காமல் எஞ்சினில் கைவைக்கலாகாது. உத்தரவாதக் காலத்தில் உள்ள வாகனமாயின், டியூனைக் காரணம் காட்டி எஞ்சின் பழுதுக்கான உரிமைக் கோரிக்கை மறுக்கப்படவும் இடமுண்டு.

மஷூராவில் கேட்க வேண்டியவை

1. வாகனம் முழுமையாகப் பரிசோதிக்கப்பட்டதா?
2. அசல் பதிவின் பிரதி நம் கையில் தரப்படுமா?
3. முன்னும் பின்னும் அளந்த பதிவுகளைக் காட்டுவாரா?
4. புகைப் பரிசோதனையில் தேறாவிட்டால் யார் பொறுப்பு?
5. அவர் வெளிநாடு சென்றுவிட்டால் திருத்திக் கொடுப்பவர் யார்?

முடிவாக, பாகம் எதையும் மாற்றாத, நல்ல நிலையிலுள்ள, அளவான பாரம் ஏற்றும் கெப்புக்கு, அதே எஞ்சினுக்கென எழுதப்பட்ட மிதமான ஆயத்த டியூன் போதும். பாகங்கள் மாற்றிய அல்லது மலையேற்றத்தில் அன்றாடம் பாரம் சுமக்கும் கெப்புக்கு, அளந்து எழுதும் நம்பகமானவர் கிடைத்தால் மட்டும் அளவெடுத்த டியூன். தவணை முடியாத, வயதேறிய, குடும்பத்தின் ஒரே உழைப்பாளியான கெப்பா? அதை உள்ளபடியே விட்டு, அந்தப் பணத்தில் இன்ஜெக்டரையும் ஃபில்டரையும் பாருங்கள். "டியூன் வேண்டாம்" என்பதும் ஒரு முடிவுதான் சகோதரிகளே. அதைச் சொல்லும் துணிவு வீட்டில் ஒருவருக்காவது இருக்கட்டும்.

அல்லாஹ் நம் அனைவரது ரிஸ்க்கிலும் பயணங்களிலும் பரக்கத் செய்வானாக!