துணிப்பையின் கடன் கணக்கு

நியாயவிலைக் கடைக்கு வெறுங்கையுடன் செல்வார் எவருமில்லை. அரிசிக்கு ஒரு சாக்குப்பை, சர்க்கரைக்கும் பருப்புக்கும் தனித்தனியே சிறு பைகள் என்று எடுத்துக்கொண்டே வந்து வரிசையில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் இக்கடைகளில் மிகப் பெரும்பாலானவற்றை நடத்தி வருபவை கூட்டுறவுச் சங்கங்களே என்பது அங்கத்தினர்கள் அறிந்ததுதான். அங்கே பை கொடுக்கும் வழக்கம் இல்லை. கொடுக்க வேண்டுமென்று எவரும் கேட்டதும் இல்லை. அதே மனிதர் அன்று மாலை மளிகைக் கடைக்கோ காய்கறிச் சந்தைக்கோ போகும்போது கைவீசிக்கொண்டு போகிறார். திரும்புகையில் அவர் விரல்களில் நாலைந்து மெல்லிய பிளாஸ்டிக் பைகள் தொங்குகின்றன. காலையில் இருந்த பழக்கம் மாலைக்குள் எங்கே போயிற்று? மறதி என்று சொல்வதற்கில்லை. பை கிடைக்கும் என்று தெரிந்த இடத்துக்கு எவரும் பை கொண்டு போவதில்லை. கிடைக்காது என்று தெரிந்த இடத்துக்குக் கொண்டு போகத் தவறுவதும் இல்லை.

அயர்லாந்து நாட்டில் 2002-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒவ்வொரு பிளாஸ்டிக் பைக்கும் 15 சென்ட் வரி விதித்தார்கள். அதற்கு முன் ஆளொன்றுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 328 பைகள் செலவாகி வந்தன. வரிக்குப் பின் அத்தொகை 21 ஆகக் குறைந்தது. அந்நாட்டு மக்களின் குணம் ஓர் இரவில் மாறிவிட்டது என்று கொள்ள வேண்டியதில்லை. இலவசம் நின்றது, அவ்வளவே.

நம் மாநிலத்தில் 2018-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்ட தடை, 2019 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பொருள்கள் அதில் அடங்கும். எவ்வளவு தடிமனாயினும் பிளாஸ்டிக் கைப்பை கூடாது என்பதோடு, நெய்யாத துணிப்பையும் அப்பட்டியலில் இருக்கிறது. இதனைப் பலர் கவனிக்கவில்லை. பார்வைக்குத் துணி போலத் தோன்றும் இப்பை, பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கை உருக்கி, இழையாக்கி, சூட்டில் அழுத்தி ஒட்டியது. பாவும் இல்லை, ஊடையும் இல்லை. ஐயமிருந்தால் ஒரு மூலையில் தீக்குச்சியைக் காட்டிப் பார்க்கலாம். பருத்தியாயின் காகிதம் எரியும் மணத்துடன் எரிந்து சாம்பலாகும். இதுவோ உருகிச் சொட்டி, ஆறியதும் மணி போல இறுகிவிடும். நெசவாளர் வீட்டிலேயே இதனைத் துணிப்பை என்று பத்திரப்படுத்தி வைத்திருப்பதைப் பார்க்கும்போது சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

பின்னர் 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ என்னும் இயக்கத்தைத் தமிழக அரசு தொடங்கிற்று. 2022-இல் சென்னைக் கோயம்பேட்டுச் சந்தையில் பத்து ரூபாய் இட்டால் ஒரு மஞ்சப்பையை வெளியே தள்ளும் இயந்திரமும் வைக்கப்பட்டது. நகரத்தார் கண்ணுக்குப் பட்டிக்காட்டு அடையாளமாக இருந்த பை இவ்வாறு அரசாங்க மரியாதை பெற்றது நமக்கு மகிழ்ச்சியே. (மஞ்சள் கடிதாசியுடன் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது நொடித்துப் போனவன் கொடுப்பது.) பையின் துணி நெசவாளருடையது, அதன் மங்கல நிறமோ மஞ்சள் விவசாயிக்குச் சொந்தமானது. ஆகையால் நம் திருச்செங்கோட்டு வட்டாரச் சங்கங்கள் இரண்டும் கைகோத்துக் கொண்டாட வேண்டிய பொருள் இது என்று சொல்லத் தோன்றும்.

ஆனால் கணக்குப் பார்ப்பவனுக்குக் கொண்டாட்டத்துக்கு முன் பேரேட்டைப் புரட்டும் வழக்கம் உண்டு. துணிப்பையின் பேரேட்டில் வரவு மட்டும் இல்லை, பற்றும் உண்டு.

ஒரு கிலோ பருத்தித் துணி உண்டாக, மழைநீரும் பாசன நீரும் சேர்த்து உலகச் சராசரியாகச் சுமார் 10,000 லிட்டர் நீர் செலவாகிறது என்று நீர்க் கணக்கு வல்லுநர்கள் மதிப்பிட்டுள்ளனர். நூறு கிராம் எடையுள்ள ஒரு பைக்கு ஆயிரம் லிட்டர் என்றாகிறது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளால் இந்தியா முழுவதும் பெயர் பெற்ற ஊர் நம்முடையது. ஆயிரம் லிட்டர் நீரின் அருமையை நமக்கு வேறொருவர் சொல்ல வேண்டியதில்லை. இதற்கு மேல் செடிக்கு இட்ட உரம், தெளித்த மருந்து, நூற்பாலையும் தறியும் கொண்ட மின்சாரம், சாயப்பட்டறையில் கழிந்த உப்புநீர் ஆகியவையும் பற்றுக் கணக்கில் ஏறுகின்றன. மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றின் எடையோ சில கிராம்தான். அதைச் செய்ய ஆகும் எண்ணெயும் எரிபொருளும் மிகச் சொற்பம்.

ஆகவே, துணிப்பை பிறக்கும்போதே கடனுடன் பிறக்கிறது. அந்தக் கடனை எத்தனை தவணையில் தீர்க்கலாம்? பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இக்கேள்விக்கு விடை கூறுகிறது. ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பையுடன் ஒப்பிட்டால், பூமியைச் சூடேற்றும் வாயுக்களின் கணக்கில் மட்டும் துணிப்பை சமநிலைக்கு வர 131 முறை அதைப் பயன்படுத்த வேண்டுமாம். டென்மார்க் நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018-இல் தன் நாட்டுக் கனமான பையுடன் ஒப்பிட்டு, தட்பவெப்பக் கணக்குக்கு 52 முறை என்றது. எல்லாவகைத் தீங்குகளையும் எடுத்துக்கொண்டு, அவற்றுள் மிகப் பாதகமான ஓசோன் படலத் தீங்கும் சமனாகும் வரை என்று கேட்டால் 7,100 முறை என்றது. வாரச் சந்தைக்கு ஒருமுறை வீதம் எடுத்துச் சென்றால் 52 முறை என்பது ஓராண்டு. 131 முறை என்பது இரண்டரை ஆண்டு. 7,100 முறை என்பது 136 ஆண்டு. கடைசித் தவணையைப் பேரனின் பேரன் கட்ட வேண்டியிருக்கும்.

இந்த எண்களைக் காட்டி, ‘பிளாஸ்டிக்கே மேல்’ என்று வாதிப்போர் இருக்கிறார்கள். அவர்கள் ஒன்றை மறைக்கிறார்கள், அல்லது படிக்கவில்லை. அவ்விரண்டு ஆய்வுகளும் தெருவில் எறியப்பட்ட பையின் தீங்கைக் கணக்கில் சேர்க்கவில்லை. சாக்கடையை அடைப்பதும், குப்பைமேட்டில் மேயும் மாட்டின் வயிற்றில் சேர்ந்து உருண்டையாவதும், மண்ணில் மக்காமல் கிடந்து மழைநீரைத் தடுப்பதும் அந்த எண்களில் இல்லை. 1988-இலும் 1998-இலும் பெருவெள்ளம் கண்ட வங்காள தேசம், வடிகால்களை அடைத்துக் கிடந்த மெல்லிய பாலித்தீன் பைகளை 2002-இல் தடை செய்தது. உலகில் அவ்வாறு செய்த முதல் நாடு அதுவே. நம்மூரில் இன்னொரு தீங்கும் உண்டு. விறகு அடுப்பைப் பற்றவைக்கப் பிளாஸ்டிக் பையைக் கொளுத்தும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அந்தக் கரும்புகையை முதலில் சுவாசிப்பவர்கள் அடுப்படியில் இருக்கும் பெண்களும் இடுப்பிலிருக்கும் குழந்தைகளுமே.

எனவே துணிப்பையைக் கைவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. வாங்கிய கடனைத் தீர்க்க வேண்டும் என்பதே. ஒரு வீட்டில் ஒரு பை இருந்து அது வாரம் தவறாமல் சந்தைக்குப் போனால் கடன் தீர்கிறது. முப்பது பை இருந்து ஒன்று மட்டும் போனால் மற்ற இருபத்தொன்பதும் தவணை கடந்த கடன்கள். நம் வீடுகளில் இருப்பது இரண்டாம் நிலைதான். கல்யாண வீட்டில் தேங்காயும் வெற்றிலை பாக்கும் இட்டு, மணமக்கள் பெயர் அச்சிட்டுத் தரும் தாம்பூலப் பை ஒவ்வொரு முகூர்த்தத்திலும் ஒன்று வந்து சேர்கிறது. என் வீட்டு அலமாரியில் எண்ணிப் பார்த்ததில் இருபத்தேழு இருந்தன. அவற்றுள் பல வலை போன்ற மெல்லிய துணியில் தைத்தவை. இரண்டு கிலோ வெங்காயம் தாங்கா.

பிளாஸ்டிக் கைப்பையை வடிவமைத்த சுவீடன் நாட்டவர் ஸ்டென் குஸ்தாப் துலின் 1965-இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். காகிதப் பைக்காக மரங்கள் வெட்டப்படுவதைக் குறைக்கலாம் என்பது அவர் எண்ணம் என்றும், தம் பை ஒன்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப எடுத்துச் செல்வார் என்றும் அவருடைய மகன் கூறியிருக்கிறார். ஒருமுறை பயன்படுத்தி எறிவது அவருக்கே விந்தையாக இருந்ததாம்.

இங்கே நெசவாளர் சங்க அங்கத்தினர் ஒருவர் எழுந்து கேட்கலாம்: “ஐயா, பையைக் குறைவாக வாங்குங்கள் என்று எங்கள் பத்திரிகையிலேயே எழுதுகிறீர்களே, இது எங்கள் வயிற்றில் அடிப்பதல்லவா?” நியாயமான கேள்வி. என் விடை இது. இலவசமாகக் கொடுக்கப்படும் மெல்லிய பையில் நெசவாளருக்குக் கிடைக்கும் கூலி அற்பம். விலையை எவ்வளவு குறைக்கலாம் என்ற போட்டியில் துணியின் இழை எண்ணிக்கைதான் முதலில் குறைகிறது. பத்தாம் நம்பர் அல்லது இருபதாம் நம்பர் நூலில் நெருக்கமாக நெய்த கெட்டித் துணியில் ஒரு பை செய்து, அதற்குரிய விலைக்கு விற்றால், வாங்குபவருக்கு ஐந்தாறு ஆண்டு உழைக்கும்; நெய்தவருக்கும் கூலி நிற்கும். 1925-இல் ராஜாஜி புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கிக் கதர் வேலையை நடத்திய வட்டாரம் இது. கெட்டித் துணி நமக்குப் புதிதன்று.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மஞ்சப்பை என்றதும் மஞ்சள் கிழங்கால் சாயமிட்டது என்று வெளியூரார் எண்ணுகின்றனர். கிழங்கு மஞ்சள் வெயிலில் வெளுத்துவிடும். சவர்க்காரம் பட்டால் சிவந்துவிடும். ஆலத்தி கரைக்கும் பாட்டிமார்கள் சுண்ணாம்பைச் சேர்த்துச் சிவப்பாக்குவது இதனால்தான். கடைப் பையின் மஞ்சள் பெரும்பாலும் இரசாயனச் சாயம். பருத்தியில் பெரிதும் வழங்கும் வினைச்சாயம் நூலில் ஏற உப்பை அள்ளிக் கொட்ட வேண்டும். அந்த உப்பு கழிவுநீரோடு வெளியேறுகிறது. நொய்யலாற்றில் இதன் விளைவை ஒரத்துப்பாளையம் அணை கண்டது. பாசனத்துக்காகக் கட்டிய அணை சாயநீர்த் தேக்கமாயிற்று. 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிடும் அளவுக்கு அது சென்றது. நமக்கு அருகில் பள்ளிபாளையம், குமாரபாளையம் கரைகளில் காவிரிக்கும் அந்தத் துன்பம் உண்டு. அந்நீரைத்தான் நாமும் குடிக்கிறோம். ஆதலால் சலவையும் சாயமும் இல்லாத காடாத் துணிப் பையே சாலச் சிறந்தது. நிறம் கட்டாயம் வேண்டுமென்பார் கரையில் மட்டும் இரண்டு மஞ்சள் இழை ஓட்டிக்கொள்ளட்டும்.

பருத்தி பயிரிடும் அங்கத்தினர்களுக்கு இவ்விஷயத்தில் நேரடி லாபமே இருக்கிறது. எடுத்த பருத்தியைக் காலி உரச்சாக்கில் திணிப்பதும், பிளாஸ்டிக் படுதாவில் குவிப்பதும் எங்கும் காணும் வழக்கம். வெயில் தின்ற அச்சாக்கின் இழைகள் உதிர்ந்து பஞ்சோடு கலக்கின்றன. அரவை ஆலையிலும் நூற்பாலையிலும் அவற்றை முழுதும் பொறுக்கி எடுக்க முடிவதில்லை. பாலிபுரொப்பிலீன் இழையில் பருத்திச் சாயம் ஏறாது. ஆகவே நெய்து சாயமிட்ட பின்னரே துணியில் வெள்ளைக் கீறலாக அது தலைகாட்டுகிறது. துணி தள்ளுபடிக்குப் போகிறது. கலப்புள்ள பஞ்சுக்கு ஆலைகள் விலையைக் குறைக்கின்றன. அதாவது ஒரு சங்கத்து அங்கத்தினரின் உரச்சாக்கு இன்னொரு சங்கத்து அங்கத்தினரின் சேலையில் வந்து நிற்கிறது. வெள்ளைப் பருத்தித் துணியாலான மடியிலும் பையிலுமே பருத்தி எடுப்பது என்ற ஒரு பழக்கம் போதும். திருச்செங்கோடு வேளாண்மை உற்பத்தியாளர் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் ஏலக் களத்துக்கு வரும் பஞ்சு சுத்தமாயிருந்தால், பேரம் பேசும் வியாபாரிக்குச் சொல்லக் குறை ஒன்று குறையும்.

இனி, பழக்கத்தை எவ்வாறு உண்டாக்குவது? பையைச் சமையலறை அலமாரியில் வைப்பதுதான் பெரும் பிழை. பெரும்பாலான சாமான்கள் வேலை முடிந்து திரும்பும் வழியில் வாங்கப்படுகின்றன. வாங்குபவர் அப்போது வீட்டில் இல்லை. ஆகையால் ஒன்று வாகனப் பெட்டியில், ஒன்று வாசற்கதவின் ஆணியில், ஒன்று தறிக்கூடத்தில். ஒரு குடும்பத்துக்கு மூன்று பை போதும். சாமானைக் கொட்டியவுடன் பை மீண்டும் ஆணிக்குச் செல்ல வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில்தான் பழக்கம் நிலைப்பதும் கெடுவதும். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கும், உணவுக்கடைச் சாம்பாருக்கும் தூக்குப்போசி இருக்கவே இருக்கிறது.

பை கிழிவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்: முதலாவது கைப்பிடியின் வேர், இரண்டாவது அடிமூலை. கைப்பிடியை விளிம்பில் ஒட்டித் தைக்காமல் நான்கு விரற்கடை உள்ளே இறக்கி, சதுரமாகவும் குறுக்காகவும் தையலிட்டால் அதன் ஆயுள் பன்மடங்காகும். கிழிந்ததைத் தூக்கி எறியாமல் ஒட்டுப் போட்டால் பழைய கடனின் தவணை தொடர்கிறது. புதுப் பை வாங்கினால் புதுக் கடன்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு யோசனை. பேரவைக் கூட்டந்தோறும் சங்கத்தின் பெயர் அச்சிட்ட புதுப் பை ஒன்றை அங்கத்தினர்களுக்கு வழங்குவதைச் சில சங்கங்கள் வழக்கமாக்கியுள்ளன. அடுத்த கூட்டத்துக்கு அந்தச் செலவை நிறுத்தி, அழைப்புக் கடிதத்திலேயே ‘சென்ற ஆண்டுப் பையைக் கொண்டு வருக’ என்று எழுதலாம். மண்டப வாசலில் ஒரு தையற்காரரை இயந்திரத்துடன் அமர்த்தினால், கூட்டம் முடிவதற்குள் கிழிந்தவை யாவும் தைக்கப்பட்டுவிடும். அவருடைய ஒருநாள் கூலி, இருநூறு புதுப் பைகளின் அச்சுக்கூலியைவிட அதிகமாக இராது. வரவு செலவுத் திட்டத்தில் அதற்கு ஒரு வரி ஒதுக்கிப் பேரவையின் ஒப்புதல் பெற்றுக்கொண்டால் தணிக்கையில் ஆட்சேபணை எழ இடமில்லை.