முட்டுக்கட்டை போடத் தெரிந்தவர்கள் தேவை!

உங்கள் வீட்டு மணைப் பலகை திடீரென்று காணாமற் போயிருக்கிறதா? பிள்ளையாண்டானின் சட்டையில் கிரீஸ் கறை தெரிகிறதா? அப்படியானால் சந்தேகமே வேண்டாம். தெருக்கோடியில் எங்கேயோ ஒரு பேரிங் வண்டி தயாராகிக்கொண்டிருக்கிறது!

பேரிங் வண்டியை அறியாதவர்கள் உண்டோ? மெக்கானிக் கடையில் கழித்துப் போட்ட பழைய பால் பேரிங் மூன்றோ நான்கோ, உட்கார ஒரு பலகை, திருப்புவதற்கு முன்னால் ஒரு குறுக்குக் கட்டை, அதில் ஒரு கயிறு, இவ்வளவுதான் சாமான்கள். ஒருவன் பின்னாலிருந்து தள்ளினால் 'கடகட'வென்று தெருவே அதிரும்.

அதிலும் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் வட்டாரத்தைக் கேட்கவே வேண்டாம். சக்கரத்தை நம்பி வாழும் பிரதேசம் அது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. பிறகு ஒரகடத்தில் நிஸ்ஸான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர் என்று வரிசையாக வந்து சேர்ந்தன. அப்பா தொழிற்சாலையில் சக்கரம் பூட்டினால், பிள்ளை தெருவில் பூட்டுகிறான். இதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

பந்தயமும் அந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. 1953-இல் ஏற்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், முன்பு சோழவரத்தில், யுத்த காலத்து விமானத் தளத்திலே பந்தயங்கள் நடத்தி வந்தது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே ஓடுபாதை பிறந்தது. அங்கே ஓடுபவை எல்லாம் என்ஜின் வண்டிகள், பணக்காரப் பொழுதுபோக்கு. என்ஜினே இல்லாமல், நம் வீட்டுப் பிள்ளைகள் கலந்துகொள்ளும்படி ஒரு பந்தயம் நடத்தினால் என்ன?

படுத்துக்கொண்டே பறப்பவர்கள்

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்த விளையாட்டு எங்கேயோ போய்விட்டது. 'ஸ்ட்ரீட் லூஜ்' என்று ஒன்று. சக்கரம் வைத்த நீளப் பலகையில் மல்லாந்து படுத்து, கால் முன்னே, தலை பின்னே என்று மலைச் சாலையில் சறுக்கி இறங்குவார்கள். வேகம் மணிக்கு 100 கிலோ மீட்டரைக்கூடத் தாண்டும்! 'கிராவிட்டி பைக்' என்பது இன்னொன்று. பெடலும் சங்கிலியும் இல்லாத சைக்கிள். இரண்டையும் ஓட்டுவது பூமியின் இழுப்புச் சக்திதான். பெட்ரோல் செலவு கிடையாது.

நம் நாட்டவரும் ஒருவர் இதில் பெயர் வாங்கியிருக்கிறார். மணாலிக்கு அருகிலுள்ள வசிஷ்ட் கிராமத்தைச் சேர்ந்த சிவ கேசவன், 1998 முதல் 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளில், பனிக்கட்டிப் பாதையில் சறுக்கும் லூஜ் பந்தயத்தில் இந்தியாவுக்காகக் கலந்துகொண்டவர். நம் நாட்டில் அதற்கான பனிப் பாதை ஏது? சறுக்கு வண்டியில் சக்கரத்தை மாட்டிக்கொண்டு, லாரிகளுக்கும் ஆட்டு மந்தைகளுக்கும் நடுவே இமயமலைச் சாலைகளில் பழகினார். அவருடைய மனவுறுதியை மெச்சுவோம். ஆனால் லாரிக்கு நடுவே பழகுவதை மட்டும் நம் பிள்ளைகள் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டாம்!

ஒரு ரப்பர் நகரத்தின் கதை

நமக்கு ஏற்ற முன்மாதிரி வேறொன்று இருக்கிறது. 1933-இல் அமெரிக்காவின் டேட்டன் நகரத்தில், மைரன் ஸ்காட் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர், சிறுவர்கள் தாங்களே செய்த வண்டிகளில் சரிவில் உருண்டு வருவதைப் பார்த்தார். அடுத்த ஆண்டே அது தேசியப் பந்தயமாகிவிட்டது. 'சோப் பாக்ஸ் டெர்பி' என்று பெயர். 1935-இல் அது ஆக்ரன் நகரத்துக்கு மாறியது. ஆக்ரன் எப்படிப்பட்ட ஊர் தெரியுமா? அந்தக் காலத்தில் டயர்த் தொழிற்சாலைகள் நிறைந்திருந்த ஊர். ஒரகடத்துக்கு அக்கா என்றே சொல்லலாம்!

அந்த 1935-ஆம் ஆண்டுப் பந்தயத்தில் ஒரு வண்டி பாதை விலகி ஓடி, வானொலியில் வர்ணனை செய்துகொண்டிருந்த கிரஹாம் மக்நமீ மீது மோதிவிட்டது. ஊர்க்காரர்கள் பந்தயத்தை மூட்டை கட்டி வைத்துவிடவில்லை. 1936-இல் அதற்கென்றே தனிப் பாதை அமைத்துவிட்டார்கள். இன்றும் அங்கேதான் நடக்கிறது.

கலிபோர்னியாவிலுள்ள சிக்னல் ஹில் கதை வேறு. 1975-இல் அந்தச் செங்குத்துச் சாலையில் சக்கரப் பலகைப் பந்தயம் தொடங்கியது. வேகம் ஏறியது, கூட்டம் ஏறியது, பாதுகாப்பு மட்டும் ஏறவில்லை. ஓட்டியவர்களுக்கும் காயம், வேடிக்கை பார்த்தவர்களுக்கும் காயம். 1978-உடன் அந்தப் பந்தயம் முடிந்தே போயிற்று.

ஒன்று நிலைத்தது, மற்றொன்று நின்றுவிட்டது. ஆரம்பத்தைவிட முடிவைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள்தான் ஜெயித்தார்கள்.

மேடு எங்கே?

"எங்கள் ஊர் தட்டையாக அல்லவா இருக்கிறது? மலைக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். மலை இல்லாததே நல்லது, அம்மா! கெட்டித்த மண்மேடு ஒன்று போதும். உராய்வே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், ஒரு மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் வண்டி மணிக்கு 16 கிலோ மீட்டர் வேகத்தைத்தான் எட்டும். நாலு மீட்டர் உயரமானால் 32. உயரம் நாலு மடங்கானால் வேகம் இரண்டு மடங்காகும். ஆனால் வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிறுத்தத் தேவைப்படும் தூரம் நாலு மடங்காகிவிடும். இந்தக் கணக்கை மட்டும் மறக்கவே கூடாது. ஆகவே குழந்தைகளுக்கு இடுப்பளவு மேடு போதும். கீழே நீண்ட சமதளம் வேண்டும்.

பொதுச் சாலை வேண்டவே வேண்டாம். சிங்கப்பெருமாள்கோவில் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் தெரியாது, தீபாவளியும் தெரியாது. மேம்பாலச் சரிவும் ஆகாது. பள்ளிக்கூட மைதானம் அல்லது மதில் சூழ்ந்த இடமாகப் பார்த்து, உரியவர்களிடம் எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள். போலீஸ் நிலையத்துக்கும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

பாதையின் இருபுறமும் வைக்கோல் கட்டுகளோ பழைய டயர்களோ அடுக்க வேண்டும். வேடிக்கை பார்ப்பவர்கள் அவற்றுக்குப் பின்னால், சற்றுத் தள்ளியே நிற்க வேண்டும். முடிவுக் கோட்டுக்கு நேர் எதிரே ஒருவரும் நிற்கக் கூடாது. 'போட்டோ' பிடிக்கிற மாமாவும்தான்! ஹெல்மெட், கையுறை, முழங்கால் உறை, மூடிய பூட்ஸ் இல்லாமல் யாரும் மேடேறக் கூடாது. முதலுதவி தெரிந்த ஒருவரும், ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு வண்டியும் தயாராக இருக்க வேண்டும். கீழே பாதை காலியாகிப் பச்சைக் கொடி அசைந்த பிறகே மேலே அடுத்த வண்டியை விட வேண்டும்.

தராசும் பேராசையும்

காற்றுத் தடை காரணமாகக் கனமான வண்டிக்குக் கொஞ்சம் அனுகூலம் உண்டு. ஆகவே சோப் பாக்ஸ் டெர்பியில் பிள்ளையையும் வண்டியையும் சேர்த்து நிறுத்து, குறைகிற எடைக்கு ஈடு வைப்பார்கள். ஒல்லிக் குழந்தையும் ஜெயிக்கலாம்.

ஆனால் எந்தத் தராசிலும் அகப்படாத ஒன்று இருக்கிறது. 1973-இல் ஜெயித்த பையனின் வண்டி மூக்கில் மின்காந்தம் ஒளிந்திருந்தது. புறப்படும் இடத்து இரும்புத் தடுப்பு முன்னே விழும்போது, அது வண்டியை முன்னுக்கு இழுத்துவிடும். பரிசு பறிபோயிற்று. சூழ்ச்சிக்குப் பின்னால் இருந்தவர் வீட்டுப் பெரியவர் ஒருவர்! வண்டியைப் பிள்ளைதான் செய்ய வேண்டும். அப்பா ஆணி எடுத்துக் கொடுக்கலாம், அவ்வளவே.

பெண் குழந்தைகளை மறந்துவிடாதீர்கள். அந்தப் பந்தயத்தில் 1971 வரை பெண்களுக்கு இடமே இல்லை. கதவு திறந்து நாலே ஆண்டுகளில், 1975-இல், கேரன் ஸ்டெட் என்ற 11 வயதுச் சிறுமி முதல் பரிசைத் தட்டிக்கொண்டு போனாள். ஒரகடத் தொழிற்சாலைகளில் எத்தனையோ பெண்கள் திருப்புளி பிடிக்கிறார்கள். அவர்களுடைய பெண்கள் தெருவோரத்தில் நின்று கைதட்டிக்கொண்டு மட்டும் இருக்கலாமா?

முதல் கேள்வி

ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களுக்குத் தேரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். சக்கரத்தடியில் குனிந்து முட்டுக்கட்டை போடுபவர்களோ நாலைந்து பேர்தான். தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர்கள் கையில்தான். அவர்கள் அசந்துவிட்டால் தேர் வீட்டுத் திண்ணைக்கே வந்துவிடும். 'முட்டுக்கட்டை போடாதே' என்று நாம் திட்டும்போது இவர்களை மறந்துவிடுகிறோம்!

பிள்ளைகளின் ஆசைக்கு நாம் தடை போட வேண்டாம். ஆனால் தேருக்குப் போடுகிற மாதிரி, தெரிந்து, அளந்து, சமயத்தில் முட்டுக்கட்டை போட அம்மாக்கள் முன்வர வேண்டும். குழந்தை வண்டியைச் செய்து கொண்டுவந்து காட்டினால், "எவ்வளவு வேகம் போகும்?" என்று கேட்காதீர்கள். அதை அவனே ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பான். "எப்படியடா நிறுத்தப் போகிறாய்?" என்று கேளுங்கள். அதற்கு வாயால் அல்ல, சமதளத்தில் ஓட்டிக் காட்டிப் பதில் சொன்ன பிறகு, மேடேற அனுமதி கொடுங்கள்.