உறைபனி இரவில் அந்துப்பூச்சி பறப்பது எப்படி?

அமெரிக்காவின் வடகிழக்கில் இலையுதிர்காலம் முதிர்ந்து, பூச்சியுண்ணும் பறவைகள் பலவும் தெற்கு நோக்கி வலசை போய், வௌவால்களும் குகைகளில் ஒடுங்கிவிட்ட பின்னர், சிலவகை அந்துப்பூச்சிகள் மட்டும் இரவில் பறந்து திரிவதைக் கண்டால், வாசகரே, தங்களுக்கு ஆச்சரியம் தோன்றாதா?

சத்துருக்கள் குறைந்த பருவமே அவற்றுக்கு க்ஷேமமான பருவம். ஆகவே ‘ஏன்’ என்பது எளிது. ‘எப்படி’ என்பதே விசித்திரம். பறக்க வேண்டுமானால் அவற்றின் மார்புத் தசைகள் ஏறக்குறைய 30 டிகிரி செல்சியஸ் உஷ்ணம் பெற்றாக வேண்டும். வெளியிலோ 0 டிகிரி!

உதகமண்டலத்தில் விடியற்காலையில் பஸ் ஓட்டுநர், வண்டியை நகர்த்தாமலே எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிட்டுச் சூடேற்றுவதைத் தாங்கள் கண்டிருக்கலாம். அந்துப்பூச்சியும் அவ்வாறே, சிறகை உயர்த்தும் தசையையும் தாழ்த்தும் தசையையும் ஏககாலத்தில் இயக்க, சிறகுகள் வீசாமல் நடுங்குகின்றன. தசைகளின் சக்தி பெரும்பாலும் உஷ்ணமாகிறது.

அவ்வுஷ்ணம் வீணாகாதோ? உயிரியல் அறிஞர் பெர்ன்ட் ஹைன்ரிச் ஆராய்ந்து கண்டபடி, உரோமம் போன்ற அடர்ந்த செதில்கள் மார்பை மூடியிருக்கின்றன. அன்றியும், மார்பிலிருந்து வயிற்றுக்குச் செல்லும் சூடான இரத்தம், எதிரே வரும் குளிர்ந்த இரத்தத்தின் அருகே ஓடித் தன் உஷ்ணத்தை அதனிடமே ஒப்படைத்துவிடுகிறது.

நம் நாட்டிலும் பருத்த உடலுடைய அந்துப்பூச்சிகள் இவ்வாறு நடுங்குவதுண்டு. விளக்கடியில் அப்படி ஒன்றைக் கண்டால், குளிரில் வாடுகிறதென்று இரங்க வேண்டாம். அது பிரயாணத்துக்கு ஆயத்தமாகிறது.