பெட்டிக்குள் இரண்டு எஜமானர்கள்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஏற்காட்டுக்குப் போகிறவர்கள், ஏரியையும் சேர்வராயன் கோயிலையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். காபிச் செடியின் தண்டை உற்றுப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்? வெளியே இலையும் காயுமாகச் செழித்திருக்கும். உள்ளே துளைப்பான் புழு தண்டைக் குடைந்துகொண்டிருக்கும். செடி வாடிய பிறகுதான் விஷயமே தெரியவரும்.

இதே குணமுள்ள இன்னொரு பிராணி உண்டு. அது வசிப்பது நம் பிள்ளைகளின் மடிக்கணினிக்குள். அதன் பெயர் வைரஸ்!

தமிழக அரசு, அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. சென்னை மாநகரத்துப் பெண்ணுக்குக் கிடைத்த அதே பெட்டி, மலைக் கிராமத்துப் பெண்ணுக்கும் கிடைக்க வழி பிறந்தது. அந்த வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய சொத்து!

ஆரம்பத்தில் வந்த பெட்டிகளுக்குள் இரண்டு எஜமானர்கள் இருந்தார்கள். ஒருவர் விண்டோஸ். மற்றவர், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ், தமிழும் அறிந்தவர். பெட்டியைத் திறந்ததும், “யார் வேண்டும்?” என்று அது கேட்கும். பெரும்பாலோர் பழகிய முகமான விண்டோஸையே கூப்பிட்டார்கள். ஊரெல்லாம், வேலைக்குப் போகும் இடமெல்லாம் அதுதானே? அதில் தப்பில்லை. ஆனால் வைரஸ் எழுதுகிறவர்களின் கண்ணும் கூட்டம் இருக்கும் இடத்தில்தானே இருக்கும்!

மலையில் இணையம் சரியாக எட்டாத இடங்களில் பென்டிரைவ்தான் தபால்காரர். பாடமும் பாட்டும் சினிமாவும் அதில்தான் பயணம் செய்யும். கூடவே வைரஸும் டிக்கெட் இல்லாமல் ஏறிக்கொள்ளும். பாடம் இருந்த உறையை ஒளித்துவிட்டு, அதே பெயரில் ஒரு போலியை வைக்கும். பிள்ளை அதைத் தட்டினால் வைரஸ் விழித்துக்கொள்ளும். சந்தேகம் வராதபடி பாடத்தையும் திறந்து காட்டும். என்ன சாமர்த்தியம்! காவலுக்கு வைத்த தடுப்பு மென்பொருளோ, இணையம் இல்லாததால் புதுத் திருடர்களின் அடையாளம் தெரியாமல் விழிக்கும்.

லினக்ஸில் இந்த ஜம்பம் எளிதில் பலிக்காது. விண்டோஸுக்கென்று எழுதிய வைரஸ் அங்கே பாஷை தெரியாத ஊரில் இறங்கியதுபோல் நிற்கும். பெட்டியின் அமைப்பில் கை வைக்க வேண்டுமானால் கடவுச்சொல் கேட்கும். ஆனாலும், லினக்ஸுக்கு நோயே வராது என்று நம்பிவிட வேண்டாம்.

இன்னொரு விஷயம். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்களை அதன் நிறுவனம் 2020 ஜனவரி 14-ல் நிறுத்தியது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ல் வழக்கமான திருத்தங்கள் நின்றன. திருத்தம் இல்லாத பெட்டி, தாழ்ப்பாள் இல்லாத வீடு. 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டதே, அது நுழைந்ததும் திருத்தம் போடாத பெட்டிகளில்தான்.

ஆகவே, தாய்மார்களே, பழைய பெட்டியைப் பரணில் போட்டுவிடாதீர்கள். விவரம் தெரிந்தவரைக் கொண்டு அதில் புதிய லினக்ஸ் பதிப்பைப் போடச் சொல்லுங்கள். படிக்க, எழுத, கணக்குப் போட அது தாராளமாகப் போதும். பாடக் குறிப்புக்கும் சான்றிதழுக்கும் வேறிடத்தில் ஒரு பிரதி இருக்கட்டும். ஊர் சுற்றி வந்த பென்டிரைவைச் சோதிக்காமல் செருக வேண்டாம்.

இன்று இரவே பிள்ளையிடம், “உன் பெட்டிக்கு யார் எஜமானர்?” என்று கேட்டுப் பாருங்கள். “நான்தான், அம்மா!” என்று பதில் வந்தால் கவலையில்லை.