பெட்டியைத் திறக்கத் துணிவோம்
தோட்டத்து இளைஞரும் கணனியின் தாய்ப்பலகையும்

பசறைக்கு அப்பால், மலைச்சரிவிலுள்ள தோட்டமொன்றிலிருந்து ஒரு தாயும் மகனும் பதுளையிலுள்ள எமது நிலையத்துக்கு வந்திருந்தார்கள். உரச் சாக்கில் சுற்றிய கணனிப் பெட்டியொன்றை மகன் தோளில் சுமந்து வந்தார். "சாமி, போர்டு போயிட்டுன்னு கடையில சொல்றாங்க. புதுசுதான் போடணுமாம்" என்றார் தாய். மகன் உயர்தரப் பரீட்சை எழுதியவர். தொழிற்பயிற்சி நெறியொன்றுக்கு இணையத்தின் ஊடாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. முடிவுத் திகதிக்கு நான்கு நாட்களே இருந்தன. கணனி எழும்புகிறது, ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பற்றது என்று கூறித் தடுத்துவிடுகிறது. இதுதான் முறைப்பாடு.

திரையின் மூலையைப் பார்த்தோம். 2012 ஜனவரி 1 என்றிருந்தது. இணையத்தளங்கள் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு. கணனியின் திகதி பல வருடங்கள் பின்னே நின்றால் அந்தச் சான்றிதழ்கள் செல்லாதவையாகவே தெரியும். மூடியைக் கழற்றி, தாய்ப்பலகையிலிருந்த காசு வடிவ பற்றரியை மாற்றினோம். சீஆர் 2032 என்பது அதன் பெயர். 20 மில்லிமீற்றர் விட்டம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு என்பதையே அந்த இலக்கம் சொல்கிறது. விலை ஒரு கொத்து ரொட்டிக்குக்கூடக் காணாது. திகதியைச் சரிசெய்ததும் தளங்கள் திறந்தன. விண்ணப்பம் அன்றே போய்ச் சேர்ந்தது.

நாட்சம்பளம் 1,000 ரூபாவை எட்டுவதற்கு 2021ஆம் ஆண்டுவரை காத்திருந்த மக்கள் இவர்கள். புதிய தாய்ப்பலகை என்பது இவர்களுக்குப் பல வாரக் கொழுந்து. கடைக்காரர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நாம் கூறவில்லை. அவருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் பெட்டிக்குள் இருப்பது என்னவென்று அறியாதவருக்கு, கடைக்காரர் சொல்வதே வேதவாக்கு. ஊவாவில் கணனி வகுப்பு என்றால் பெரும்பாலும் தட்டெழுத்தும் படம் வரைதலும்தான். பெட்டியின் மூடி அங்கே திறக்கப்படுவதே இல்லை. எமது வகுப்பை நாம் மூடியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இதுவே.

உண்மையில் மூடிக்கும் முன்னால் சுவர் இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பிராவில், ஒரே சொக்கட்டிலிருந்து மின்குமிழ், வானொலி, கேத்தல், கணனி எல்லாவற்றுக்கும் வயர் இழுத்திருப்பதைக் காண்கிறோம். மூன்று துளைச் சொக்கட்டின் மேல்துளையில் பேனா மூடியைச் செருகி, இரண்டு கால் பிளக்கை உள்ளே தள்ளும் வித்தையும் எல்லோருக்கும் தெரியும். அந்த மேல்துளைதான் ஏர்த், அதாவது புவித்தொடுப்பு. அது இல்லாத கணனியின் இரும்புக் கூட்டைத் தொட்டால் விரலில் 'சுர்' என்று ஏறும். பவர் சப்ளையின் வடிகட்டிச் சுற்றிலிருந்து கசியும் சிறு மின்சாரம் போக வழியின்றிக் கூட்டிலேயே நிற்பதுதான் அது. எனவே எமது மாணவர்கள் முதலில் பழகுவது சொக்கட்டைச் சோதிப்பது. சித்திரை மாதத்திலும், ஒக்டோபர் நவம்பரிலும் பிற்பகல் இடி முழங்கும் நாட்களில், மின் பிளக்கோடு தொலைபேசி வயரையும் கழற்ற வேண்டும். மின்னல் பல வேளைகளில் தொலைபேசி வயர் வழியாகவே தாய்ப்பலகைக்கு வருகிறது.

ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வீசி எமது பிரதேசத்தைக் காய வைக்கிறது. ஊவாத் தேயிலைக்கு உலகறிந்த மணத்தைக் கொடுப்பது அந்த வரட்சியே. அதே வரட்சியில் உடலில் நிலைமின்னும் கூடும். கம்பளிச் சுவெட்டரோடு வந்து பலகையைத் தொடுபவரின் விரலிலிருந்து பாயும் பொறி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒரு சிப்பைக் கொல்லப் போதும். ஆகவே சுவெட்டரைக் கழற்றிவிட்டு, வண்ணம் பூசாத இரும்பை முதலில் தொட்டு, பலகையை ஓரத்தில் மட்டும் பிடிக்க வேண்டும்.

பலகையைப் பொருத்தும் வேலை பார்ப்பதற்குப் பயமாக இருக்கும், செய்யும்போது அவ்வளவில்லை. பலகைக்கும் கேசிங்குக்கும் நடுவே சிறு பித்தளைத் தாங்கிகள் உண்டு. பலகையிலுள்ள துளைகளுக்கு நேரே மட்டுமே அவை இருக்க வேண்டும். ஒரு தடவை தாங்கிகளே இல்லாமல் பலகையை நேராக இரும்பில் முறுக்கிவிட்டார்கள். சுவிட்சை அழுத்தியதும் விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. பின்புறத்து ஈயப்பற்றுகள் இரும்பில் பட்டுக் குறுஞ்சுற்று ஏற்பட்டிருந்தது. நல்லவேளையாக பவர் சப்ளை தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது. இன்னொரு வழக்கம் தேவையற்ற இடத்திலும் ஒரு தாங்கியை வைத்துவிடுவது. அதன் விளைவும் இதுவே.

புரொசசரின் மூலையில் சிறு முக்கோணம் உண்டு. சொக்கட்டிலும் அதே அடையாளம் இருக்கும். இரண்டையும் ஒன்றுசேர்த்து வைத்தால் அது தானாக அமரும். விரலால் அழுத்தவே கூடாது. 2004இல் இன்டெல் கொண்டுவந்த எல்ஜிஏ 775 முதல் அந்நிறுவனத்தின் மேசைக் கணனிகளில் மெல்லிய ஊசிகள் சொக்கட்டிலேயே இருக்கின்றன. ஒன்று வளைந்தால் பலகையே வீண். ராம் பலகைக்கு மாறாக நல்ல அழுத்தம் வேண்டும்; இரு பக்கக் கொழுக்கியும் 'டக்' என்று பூட்டும் வரை அழுத்தத் தயங்குகிறார்கள். கணனி எழும்பவில்லை என்று வரும் பெட்டிகள் பலவற்றில் நாம் செய்வது ராமைக் கழற்றி, தொடுமுனையை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்துத் திரும்பச் செருகுவது மட்டுமே. பெக்டரிக்கு அருகில் வசிப்பவர்களின் பெட்டிகளில் மென்மையான தேயிலைத் தூசு ஒரு விரற்கடை நிற்கும். முதலில் அதைத் தூரிகையால் எடுத்துவிட வேண்டும். மின் இணைப்புகளில் மறக்கப்படுவது புரொசசருக்குரிய நான்கு அல்லது எட்டு ஊசிச் செருகி. பெரிய 24 ஊசிச் செருகியை மாட்டியதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

சுவிட்சை அழுத்தியதும் நடப்பதைப் புரியவைக்க ஒரு பெரிய சொல் தேவைப்பட்டது. அதை எமக்குத் தந்தவர் தெமோதரைப் பக்கத்து யுவதி ஒருவர். "இது பெரட்டுதான் சாமி" என்றார் அவர். காலையில் வேலை தொடங்குமுன் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு, யார் வந்தார், யார் வரவில்லை என்று பார்ப்பது போல, பலகையிலுள்ள பயோஸ் என்னும் சிறு நிரல் புரொசசரை, ராமை, விசைப்பலகையை, தட்டை ஒவ்வொன்றாகப் பேர் கூப்பிடுகிறது. ஒன்று வராவிட்டால் 'பீப்' ஒலி எழுப்பி, அல்லது சிறு விளக்கை எரித்து முறையிடுகிறது. நாம் அன்றிலிருந்து வேறு விளக்கம் சொல்வதில்லை.

பெரட்டு முடிந்த பின்னர் பயோஸ் அமைப்புக்குள் சென்று பார்க்க வேண்டியவை சிலவே. திகதியும் நேரமும் முதலாவது. எந்தத் தட்டிலிருந்து ஆரம்பிப்பது என்ற ஒழுங்கு இரண்டாவது. பற்றரி செத்த அலுவலகக் கணனிகள் சிலவற்றில் தட்டு இயங்கும் முறையும் தொழிற்சாலை அமைப்புக்கே திரும்பிவிடும். அப்போது விண்டோஸ் நீலத்திரையோடு நின்றுவிடும். தட்டு பழுதாகிவிட்டது என்று எண்ணி எத்தனையோ குடும்பங்களின் கலியாணப் படங்கள் அழிக்கப்பட்டிருக்கின்றன. மின்சாரம் தடைப்பட்டு மீளும்போது கணனி தானாக எழும்ப வேண்டுமா என்று கேட்கும் அமைப்பும் ஒன்றுண்டு. தோட்டப்புறத்தில் அதை 'வேண்டாம்' என்றே வைக்கச் சொல்கிறோம். மீண்டு வரும் மின்சாரம் முதல் சில நிமிடங்கள் ஏறி இறங்கும்.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11 பலகையில் டீபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது. ஏறத்தாழ 2018க்கு முந்திய புரொசசர்களை உத்தியோகபூர்வமாக ஏற்பதும் இல்லை. செல்வந்த நாடுகளின் அலுவலகங்கள் பல கணனிகளைக் கழித்துவிடுவதற்கு இது ஒரு காரணம். அவற்றில் சில அன்பளிப்பாக எம்மிடம் வரும். பலகையில் டீபிஎம் இருந்தும் பயோஸில் அணைத்து வைத்திருப்பதால் மட்டும் தகுதியற்றவையாகத் தோன்றும் கணனிகளும் அவற்றில் உண்டு. அதை இயக்கிவிட்டாலே போதும். ஏனையவற்றில் லினக்ஸ் நிறுவலாம். தமிழில் தட்டெழுதவும் இணையம் பார்க்கவும் கடிதம் எழுதவும் அது தாராளமாகப் போதும். இலவசம் என்பதற்காக எதையும் வாங்கிக் குவிக்க வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. மேல்பகுதி உப்பிய கொண்டென்சர்களைக் கொண்ட பலகையை அன்பளிப்பு என்று பெற்றால், அது எமது ஆற்றோரத்தில் குப்பையாகவே முடியும்.

எமது சொந்தத் தவறொன்றையும் சொல்லியாக வேண்டும். வடஅமெரிக்கப் பங்கொன்றிலிருந்து வந்த முதல் அன்பளிப்புப் பெட்டிகளை நாமே ஆவலோடு திறந்து, ஒன்றைச் சொக்கட்டில் மாட்டினோம். வெடிச்சத்தம் கேட்டது, அறை முழுக்க மீன் கருகியது போல நாற்றம். பின்புறத்துச் சிவப்பு சுவிட்ச் 115இல் இருந்தது. எமது மின்சாரம் 230 வோல்ற். 115இல் வைத்தால், வரும் மின்னழுத்தத்தை உள்ளே இரட்டிக்கும்படி அந்த பவர் சப்ளை அமைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பிறகுதான் படித்தறிந்தோம். பவர் சப்ளை போய்விட்டது, தாய்ப்பலகை பிழைத்துக்கொண்டது. வேறு பவர் சப்ளை பொருத்தியதும் பெரட்டு ஒழுங்காக நடந்தது.

அந்தப் பலகையில்தான் இப்போது வகுப்பின் முதல் நாள் பயிற்சி. தெமோதரை யுவதியே அதை நடத்துகிறார். புதிதாக எந்தப் பெட்டி வந்தாலும், அவர் பின்புறத்தைத் திருப்பிச் சிவப்பு சுவிட்சைப் பார்க்கும்வரை பிளக்கைத் தொட எங்களுக்கு அனுமதியில்லை.